எல்லாரும் வருவாங்க

...பாத்திரமாம், பாத்திரத்துக்குள் தண்ணீராம், அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பேட்டை முழுக்க இந்த பேட்மிண்டன் திடலில் வரிசையாக மல்லாக்கப் படுக்குமாம், இவன் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு மைக்கை ஒட்டி எல்லார் வயிறும் பேசுவதைக் கேட்பானாம், கேட்டுக்கொண்டே ஆடுவானாம், அதை ஜகார்த்தாவிலிருந்து வந்திருக்கும் தியுர் என்கிற படக்காரி படம் பிடிப்பாளாம்... கண்றாவி, நினைக்கும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, ஆனால் சிரிக்க முடியாது, என் தலைத்துணி மடிப்புக்குள் பட்டாணி அளவில் ஒரு மைக்கைக் குத்திவிட்டுப் போயிருக்கிறாள் அந்தத் தியுர், எச்சில் விழுங்கினால்கூட அவள் காதில் விழுமாம், “அம்மா, நீங்க பாட்டுக்கு உட்கார்ந்திருங்க, எப்பவும்போல இருங்க” என்றாள், இடுப்பில் ஒரு பெட்டி, தலைத்துணியில் ஒரு மைக், மூஞ்சிக்கு நேரே ஒரு கேமரா, இதையெல்லாம் வைத்துவிட்டு எப்பவும்போல இரு என்றால் எப்படி இருப்பது, வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்பவும்போல இருப்பதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்க்கட்டும். அவர்தான் இங்கே இல்லையே. ஆகவே எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டு வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதோ நிற்கிறான் என் தம்பி. வாகிமின். அப்பா ஆசையாக ஒரே சொல்லாக வைத்த பெயர், இவன் அதை நட்ட நடுவில் உடைத்து ‘வாக் இமின்’ என்று ஆக்கிக்கொண்டான், ஏன்டா என்று கேட்டால், “உடைஞ்ச இடத்துலதான்க்கா சத்தம் பொறக்குது” என்கிறான், பெயரில் என்னடா சத்தம், எருமை... ஐம்பதை நெருங்குகிற ஆள், தலையில் பாதியை மழித்து மீதியைக் குடுமி போட்டு, அரிசிச் சாக்கைக் கிழித்துத் தைத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, திடலில் சாக்கட்டியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஒரு மைக், கம்பிகளெல்லாம் திடல் முழுக்க ஓடுகின்றன, காயப்போட்ட துணியைக்கூட எடுக்கச் சொல்லிவிட்டான், நிழல் விழுகிறதாம். என்னிடம் முக அலங்காரத்துக்கு வருகிற கல்யாணப் பெண்கள் கேட்பார்கள், “உங்க தம்பி பெரிய கலைஞராமே, என்ன கலைக்கா?” என்று, நான் “எல்லாம்” என்பேன், வேறு என்ன சொல்வது, ஆடுகிறான் என்றால் ஆட்டம் தெரியாது, பாடுகிறான் என்றால் பாட்டு இல்லை, வரைகிறான் என்றால் கடைசியாக அவன் எதை வரைந்தான், குளிர்சாதனப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான், அது ஒரு படைப்பு, செய்தித்தாளைத் தின்றான், அது ஒரு படைப்பு, வெண்கல மணியை ஆற்றில் முக்கி அடித்தான், மண் அள்ளும் எந்திரத்தோடு கட்டிப்பிடித்து ஆடினான், பெர்லினில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். நான் எங்கள் வழக்கப்படி மணப்பெண்ணின் நெற்றியில் கரும்பசையால் வளைவு வரைகிறேன், ஒரு வளைவு ஓர் இழை கோணினாலும் பெண்ணின் அம்மா என்னைப் பிய்த்துவிடுவாள், துடைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வரைய வேண்டும், இவனுக்கு என்ன, கோணினால் அதுவும் கலை, விழுந்தால் அதுவும் கலை, தப்பே பண்ண முடியாத வேலை ஒரு வேலையா? அதற்கு ஒரு படம் வேறு.

படம்... நேற்று முழுக்க என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள் தியுர். பாதாக்காரி, சுமத்ராவின் ஏரிக்கரைக் கூட்டம், அவர்களுக்கு மனசிலிருப்பது அப்படியே வாயில் வந்துவிடும், நடுவில் சல்லடை கிடையாது, வந்ததும் வராததுமாக, “அம்மா, உங்களுக்கு உங்க தம்பி வேலை புடிக்குமா, புடிக்காதா?” என்றாள், அப்படியா கேட்பார்கள் ஒருத்தரை, அதுவும் கேமராவை வைத்துக்கொண்டு, நான் “பெருமையா இருக்கு” என்றேன். சின்ன வயதிலேயே அவர் வேறு மாதிரி இருந்தாரா என்றாள். வேறு மாதிரி என்றால்? “மத்த பிள்ளைங்க மாதிரி இல்லாம...” யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை, “ரொம்ப வயசு வரைக்கும் படுக்கையில மூத்திரம் போவான்” என்றேன், அப்படியாவது வாயடைத்துப் போவாள் என்று பார்த்தால், கண் விரிய அந்தப் பனைமரத்து உயரக் கேமராக்காரனைத் திரும்பிப் பார்த்து, “தண்ணி! அப்பவே தண்ணி!” என்கிறாள், ஆற்றுக்குள் மணி, வயிற்றின் மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறதாம், நனைந்த பாயை அள்ளி வெயிலில் போட்டவள் நான், எனக்குத் தெரியாத வேர். அந்தப் பாய் இப்போது கிடைக்குமா என்று வேறு கேட்டாள்.

இவனுக்கு இந்தப் பேட்டை ஞாபகம் வருவதே வருடத்துக்கொரு தரம், அதுவும் எதையாவது உருவிக்கொண்டு போக. என் மகள் கல்யாணத்தில் என்ன பண்ணினான்? தாய்மாமன், முன்னால் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டியவன், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வாய்க்குக் கிட்டேயும் ஒரு குச்சி மைக்கை நீட்டிக்கொண்டு போனான், வீட்டு வீடியோ எடுக்கிறான் போல என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே தின்றார்கள், பிறகு பார்த்தால் ராட்டர்டாமில் ஒரு இருட்டு அறையில் பேட்டை முழுக்க மெல்லுகிற சத்தத்தைப் போட்டுக்காட்டியிருக்கிறான், அப்பளம் நொறுங்குவது, எலும்பை உறிஞ்சுவது, தார்சோ அண்ணனின் ஏப்பம், அதைப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள், யாரோ இணையத்தில் பார்த்துப் பேட்டைக் குழுவில் அனுப்பிவிட்டார்கள். தார்சோ அண்ணன் பேட்டைத் தலைவர், மூன்று பேரப்பிள்ளை எடுத்த மனுஷன், வெளியே போகவே கூசிக் கூசி நடந்தார், ஆனால் இவன் அடுத்த தரம் வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி, நம்ம ஊர் பேரு வெளிநாட்டுல” என்றாரே, இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொன்னானே, அதைப் பார்த்து எனக்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அதே கதைதான் இப்போதும். போன வாரம் வீடு வீடாகப் போய்க் கேட்டான், “ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகை முடிஞ்சதும், திடல்ல வந்து படுக்கணும், வீட்டுல அதிகமாப் பொழங்குற பாத்திரம் ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க.” எல்லாரும், “சரி தம்பி, வந்துடறோம்.” உடனே. யோசிக்காமல். ஒருத்தர் விடாமல். வீட்டுக்கு வந்து தொடையைத் தட்டிக்கொண்டு, “அக்கா, ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலக்கா!” என்கிறான், அட மண்டு, மாட்டேன் என்று இந்தப் பேட்டையில் யார் சொல்லிக் கேட்டிருக்கிறாய், இங்கே வரப்போகிறவர்கள்தான் முரண்டு பிடிப்பார்கள், ஐயோ அன்னைக்கு மருமகள் வராளே, முதுகு பிடிச்சிருக்கே, எத்தனை நேரம் ஆகும், மழை வந்தா என்ன பண்றது என்று ஆயிரம் நொட்டை சொல்லிவிட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள், சட்டென்று சரி சொன்னால் வாசற்படியோடு முடிந்தது என்று அர்த்தம், இது இங்கே நடை பழகுகிற பிள்ளைக்குத் தெரியும். தொப்புள்கொடி அறுத்த நாளிலிருந்து இதே சந்தில் வளர்ந்தவன், இந்த ஊரிலேயே தெற்கே வயல்பக்கம் மூங்கில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவன், இவனுக்கு எப்படி மறந்துபோகும்? தலைத்துணி போட்ட பெண்கள் ஆண்களுக்கு நடுவே பொட்டல் வெளியில் மல்லாந்து படுத்து வயிற்றில் பானையை வைத்துக்கொள்வார்களா, அதை ஒருவன் படம் பிடித்து ஊர் ஊராகக் காட்டுவதற்கு? ஏப்பத்துக்கே நடந்த கூத்து போதாதா?

பெண்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். நேராக ஒன்றும் சொல்லவில்லை, யார் சொல்வார்கள், எலுமிச்சைப் புல் வேண்டுமா அக்கா என்று ஒருத்தி வந்தாள், கத்தரிக்கோல் இரவல் கேட்டு ஒருத்தி வந்தாள், வந்தவர்கள் எல்லாம் கிளம்பாமல் உட்கார்ந்து, “ஞாயித்துக்கிழமை...” என்று இழுத்துவிட்டு என் மூஞ்சியைப் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. நான் இவன் அக்கா, நான்தான் அவர்களிடம், ‘பரவாயில்ல, நீங்க கவலைப்படாதீங்க, நான் பேசி நிறுத்திடறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன்? “கோடி வீட்டுப் பாரிஜா இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கா, பாவம், நம்ம பேட்டையிலேர்ந்து யாரும் இன்னும் போய்ப் பார்க்கல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பார்க்க விடுவாங்க” என்றேன், அவ்வளவுதான் நான் சொன்னது. ஒருத்திக்கும் மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. நோயாளியைப் பார்க்கப் போவதற்கு யார் குறை சொல்ல முடியும், புண்ணிய காரியம், அன்றைக்கே சாயங்காலத்துக்குள் தார்சோ அண்ணன் பேருந்து பேசிவிட்டார், இன்று மதியம் புதுத் துணியெல்லாம் உடுத்திக்கொண்டு ஆரஞ்சுப் பழப் பையோடு மொத்தப் பேட்டையும் ஏறிப் போனது, என் வீட்டுக்காரர் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார், அவருக்கும் பாரிஜாவுக்கும் பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வாகிமின் அப்போது பின்பக்கச் சந்தில் கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான், பேருந்து சத்தம் கேட்டிருக்கும், சத்தம் கேட்பதுதானே அவன் தொழில்.

இன்று காலை கேட்டான். சமையற்கட்டில், நான் வாழையிலையை வாட்டிக்கொண்டிருந்தேன், வருகிறவர்களுக்கெல்லாம் லெம்பர் பண்ணித் தரச் சொல்லியிருந்தான், கோழிக்கறியை உதிர்த்து உள்ளே வைத்த ஒட்டரிசிப் பொட்டலம், அப்பளமெல்லாம் வேண்டாம், வயிற்றில் சத்தம் மாறிவிடும் என்றான், நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, “எல்லாரும் வருவாங்கல்லக்கா?” என்றான். நான் இலையைத் திருப்பிப் போட்டேன். “வருவாங்க.” அவ்வளவுதான். இலையிலிருந்து கண்ணெடுத்து அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். பொய் சொல்கிறோமே என்று துளிகூட எனக்கு உறுத்தவில்லை, நன்றாக நினைவிருக்கிறது, வாழையிலைப் புகைதான் கண்ணை உறுத்தியது. படட்டும் என்று இருந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், கேமராவுக்கு முன்னால், வெறும் திடலில், சாக்குச் சட்டையோடு நின்று இந்த ஊர் தன்னை என்னவென்று நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும், பெர்லினில் தட்டின கையெல்லாம் இங்கே செல்லாது என்று தெரிந்துகொள்ளட்டும், தெரிந்தால் இந்தக் கோமாளித்தனத்தை விடுவான், விட்டுவிட்டு... விட்டுவிட்டு என்ன? தெரியவில்லை, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. இப்போதுகூட எழுந்து போய்ச் சொல்லலாம், ‘டேய், ஒருத்தரும் வரமாட்டாங்க, அவளைக் கேமராவை மூடச் சொல்லு’ என்று, மானமாவது மிஞ்சும், ஆனால் மைக் இருக்கிறது, நான் சொல்வது முழுக்கப் படத்தில் ஏறிவிடும். மைக்கைக் கழற்றுவதற்கு ஒரு நொடி ஆகுமா? உட்கார்ந்தே இருக்கிறேன்.

தொழுகை முடிந்து ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது. வாகிமின் திடலின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், சந்து முனையைப் பார்க்கிறான், கேமராக்காரன் அவனைச் சுற்றி வருகிறான், ஒரு கோழி இரண்டாவது கட்டத்துக்குள் வந்து கம்பியைக் கொத்துகிறது, கூண்டுப் புறா ஒன்று எங்கோ கூவுகிறது, வேறு சத்தமே இல்லை, இந்தப் பேட்டை இப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, ஒரு வீட்டில் டிவி இல்லை, ஒரு குழந்தை அழவில்லை, இது போதாதா ஒருவனுக்குப் புரிவதற்கு, காதை வைத்துப் பிழைக்கிறவனுக்கு? தியுர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே கேட்கிறாள், “அண்ணே, ஆளுங்க எங்கே? வரமாட்டாங்களோ?” பாதாக்காரி. அவன் சிரிக்கிறான், “இங்கே ரப்பர் நேரம் தங்கச்சி, இழுத்துக்கிட்டே போகும். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்.” அவள் என் பக்கம் திரும்புகிறாள், கேமராவும் கூடவே திரும்புகிறது, “அம்மா, நீங்க சொல்லுங்க, வருவாங்களா?” நான் தலைத்துணியைச் சரி பண்ணிக்கொண்டு, “வருவாங்கம்மா, வந்துடுவாங்க” என்கிறேன், நல்ல அழகான குரலில்.

அப்போது பார்த்து சந்து முனையில் ஒரு ஸ்கூட்டர். எங்கள் சந்தில் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும், அப்படித் தள்ளிக்கொண்டு வருகிறாள் கீழ்த்தெருக் கஸ்தினா, பேருந்தைத் தவறவிட்டவள் போலிருக்கிறது, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டே வந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே திடல், கம்பி, கேமரா, சாக்குச் சட்டை. வாகிமின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, “வந்துட்டாங்க! முத ஆளு வந்துட்டாங்க!” என்று ஓடுகிறான், ஐம்பது வயது ஆள், சின்னப் பையன் மாதிரி செருப்பு கழன்று விழ ஓடுகிறான், எனக்கு என்னவோ அந்த ஓட்டம் பிடிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தேன். கஸ்தினா வாயெல்லாம் பல்லாக, “ஐயய்யோ, ஆரம்பிச்சாச்சா தம்பி? இதோ, பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்துடறேன், எது எடுக்கட்டும், சோறு அவிக்கிற பானை ஒண்ணு பெருசா இருக்கு, அது ஆகுமா?” “எது வேணாலும் எடுத்துக்கிட்டு வாங்கக்கா!” “இதோ, இதோ வரேன்.” வண்டியை அங்கேயே திருப்பினாள். இந்தப் பக்கம்தான் அவள் வீடு, அந்தப் பக்கம் திருப்பினாள். முனை தாண்டியதும் வண்டி உறுமிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, ஆற்றுப்பாலம் வரைக்கும் கேட்டது. வாகிமின் அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றான், பிறகு வந்து அவளுக்கென்று முதல் கட்டத்தில் ஒரு பாயை விரித்து, சுருக்கம் போகத் தடவிவிட்டான்.

திட்ட வேண்டும் போல இருக்கிறது, வாய் நமநமவென்கிறது. ஒரு காலத்தில் இவனைத் திட்டுவதற்கு எனக்கு மைக்கும் கேமராவும் ஒரு பொருட்டா? கலைக்கல்லூரியில் முதல்முதலாக ஏதோ பண்ணினானே, சேற்றைப் பூசிக்கொண்டு தரையில் புரண்டுகொண்டிருந்தான், சுற்றி மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு, நான் நேராக நடுவில் போய் நின்று, “எந்திரிடா நாயே, அப்பா காய்ச்சல்ல கெடக்காரு, உனக்கு இங்க சேத்துல என்ன வேல” என்று முடியைப் பிடித்துத் தூக்கினேன், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, நானும் அதில் ஒரு பாத்திரம் என்று நினைத்துவிட்டார்கள் மடையன்கள். வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன், பேருந்தில் எல்லாரும் பார்த்தார்கள், சேறு காய்ந்து இருக்கையெல்லாம் உதிர்ந்தது, அவன் தலையைக் குனிந்துகொண்டே வந்து, இறங்குகிற இடத்தில், “அக்கா, நல்லா இல்லையா?” என்று கேட்டான். “நாறுது” என்றேன். அன்று இரண்டு தட்டு சோறு தின்றான்.

நிழல் நீண்டுவிட்டது. தியுர் முகம் சுண்டிப்போய்க் கேமராக்காரனிடம் ஏதோ முணுமுணுக்கிறாள், அவளுக்கு இதுவும் நல்லதாகத்தான் இருக்கும், ‘புறக்கணிக்கப்பட்ட கலைஞன்’ என்று எதையாவது வைத்துக்கொள்வாள், இந்தப் படக்காரர்களுக்கு யார் அழுதாலும் லாபம். வாகிமின் என் பக்கம் நடந்து வருகிறான். வரட்டும். எதிர்பார்த்த நேரம் இதுதான், முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே உட்கார்ந்திருக்கிறேன். “தியுரும் கேமராக்காரரும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலக்கா, அவங்களுக்காவது குடுப்போம்” என்றபடி என் நாற்காலிக்கடியில் இருந்த மூங்கில் கூடையை இழுத்து மூடியைத் திறந்தான். ஐயோ. அதை நான் யோசிக்கவே இல்லை. மூடியைக் கையில் பிடித்தபடியே குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் ஒரு தட்டு. தட்டில் சும்மா நாலைந்து பொட்டலம், எனக்கும் அவனுக்கும் படக்காரர்களுக்கும் ஆகிற மாதிரி, வீணாகக்கூடாதே என்று காலையில் கை தானாகக் கணக்குப் பார்த்திருக்கிறது. பேட்டை முழுக்க வரும் என்று நம்பினவள் பண்ணுகிற கூடையா அது?

அவன் என் தலைத்துணிக்குள் கைவிட்டு மைக்கை எடுத்தான். அதன் விசையைத் தள்ளினான், தன் சட்டையில் இருந்ததையும் அணைத்தான். “உனக்குத் தெரியும்.” நான், “மழை வர மாதிரி இருந்துச்சு, அதான் கொஞ்சமா...” என்று ஆரம்பித்தேன், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் அழுவான், கத்துவான், கூடையை எறிவான் என்று பார்த்தேன். ஒரு பொட்டலத்தை எடுத்து இலையைப் பிரித்து, தின்னாமல் திரும்ப மூடினான். “ஊரு வராதுன்னு எனக்கு பாதி தெரியும்க்கா. பஸ் சத்தம் கேட்டுச்சு. அவங்களுக்கு நான் விருந்தாளி, மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டேன்னு சொல்லுவாங்க, நானா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.” கொஞ்சநேரம் சாக்குச் சட்டையில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டினான். “அதுக்குத்தான் காலைல உங்கிட்ட வந்து கேட்டேன். எவன்டா வருவான் உன் கூத்துக்கு, மூட்டையக் கட்டுடான்னு நீ கத்துவேன்னு நெனச்சேன். நீ வருவாங்கன்னு சொன்னதும், அப்ப நெஜமாவே வருவாங்கன்னு நெனச்சுட்டேன்.” என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான், கோபமே இல்லை, தார்சோ அண்ணனைப் பார்த்துச் சிரிப்பானே அதே சிரிப்பு. “பரவால்லக்கா” என்றான். பிறகு திடலுக்குள் போய், கஸ்தினாவுக்கு விரித்த பாயில் மல்லாந்து படுத்து, தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான், கேமராக்காரன் ஓடினான்.

என்னமோ நான் ஒருத்திதான் கொலை பண்ணின மாதிரி. திருட்டு நாய். என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் படுத்துக்கொள்வது ஒரு கலையா? வரமாட்டார்கள் என்று பாதி தெரிந்தவன் ஏன்டா பாய் விரித்தாய்... நான் ஏன் காலையில் கத்தவில்லை? கத்துவதற்கு வாயில் வந்ததா, வந்து விழுங்கினேனா? இல்லை, வரவே இல்லை. நான் யாரிடமெல்லாம் இப்படிப் பேசுவேன், மாப்பிள்ளை வீட்டாரிடம், தெரு அளக்க வருகிற அதிகாரியிடம், எவ்வளவு பூசினாலும் தேறாத முகத்தோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மாமியாரிடம், “ரொம்ப அழகா இருக்கீங்க” என்று, நாக்குக்கு வலியே இல்லாமல். என் வீட்டுக்காரரிடம் அப்படிப் பேசியதில்லை, என் மகளிடம் பேசியதில்லை, மாப்பிள்ளையைக்கூட நேற்று மடப்பயலே என்றேன், அவன் இளித்தான். இவன் பெர்லினிலிருந்து வந்தபோது என்ன சொன்னேன், நன்றாக இருந்தது என்றேன், நான் பார்க்கவே இல்லை. மெல்லுகிற சத்தத்துக்கு? என் மகள் கல்யாணம் அது, தேளாகக் கொட்டியிருக்க வேண்டும், “பரவால்லடா” என்றேன். நேற்று கேமராவுக்குப் பெருமை என்றேன். இத்தனை நாளாக உள்ளுக்குள் திட்டியதையெல்லாம் இவனைத்தான் திட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இவன் காதில் ஒன்றுகூட விழவில்லையே. எப்போது இவனையும் அந்த வெளியாட்கள் பக்கம் தள்ளினேன்? யாரும் என்னைக் கேட்கவில்லையே, எனக்கே தெரியவில்லையே.

எழுந்தேன். நேராகப் போய்த் திட்டிவிடுவது என்று போனேன், கம்பிகளைத் தாண்டி, கேமராவைப் பற்றிக் கவலைப்படாமல், தியுர் ‘அம்மா, அம்மா’ என்று கையை ஆட்டினாள், இருக்கட்டும், அவன் தலைமாட்டில் போய் நின்றேன். வயிறு ஏறி இறங்கியது, கிண்ணத்துத் தண்ணீர் லேசாக ஆடியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். காத்திருந்தான் என்றுதான் தோன்றியது, அப்படியே அசையாமல். மண்டு, எருமை, சாக்குமூட்டை, எந்திரிடா, எவ்வளவு சேர்த்துவைத்திருந்தேன் சாயங்காலம் முழுக்க, ஒன்றும் வரவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “டீ போடட்டுமா?” என்றேன். அவன் “சரிக்கா” என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்குள் வந்து அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தேயிலை போட்டு, நான்கு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தேன். தெரு முனையில் பேருந்து வந்து நிற்கிறது, கதவு திறந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு இறங்குகிறார்கள், இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பக்கம் வந்து, ஐயையோ முடிஞ்சுபோச்சா தம்பி, அடடா, என்று கன்னத்தில் கை வைப்பார்கள். படக்காரர்கள் டம்ளர்களில் நிறையச் சர்க்கரை போட்டேன், ஜகார்த்தாக்காரர்கள் எப்படிக் குடித்தாலும் குடிக்கட்டும். என் டம்ளரில் போட்டேன். நான்காவது டம்ளருக்கு மேலே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்... அவன் இப்போது சர்க்கரை போட்டுக்கொள்கிறானா? போய்க் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.